பமாக்கோ ஸ்டூடியோக்காரரைக் ‘கண்டெடுத்தவர்’ யார்?

இருட்டறை – காலை 7.42

நேற்று ஆவணப்பட இழையில் கல்தேர் எழுதிய ஒரு வரி இரவெல்லாம் தொண்டையில் முள்ளாக நின்றது. அப்படியே தருகிறேன்: "மாலி நாட்டுப் புகைப்படக் கலையைக் கண்டெடுத்து உலகத்தின் கையில் கொடுத்தவர் அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் சூசன் வோகல்."

கண்டெடுத்தாராம்! 1991-இல் நியூயார்க்கில் இதே அம்மையார், படம் எடுக்க வருவதற்கு முன்னால், ‘ஆப்பிரிக்கா எக்ஸ்ப்ளோர்ஸ்’ என்ற பெரிய கண்காட்சியை நடத்தினார். இருபதாம் நூற்றாண்டு ஆப்பிரிக்கக் கலைக்கான கண்காட்சி. அதில் பமாக்கோ நகரத்து மனிதர்களின் உருவப்படங்கள் சில இருந்தன. படத்தின் விவரச் சீட்டில், எடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது என்ன? புகைப்படக்காரர் பெயர் தெரியவில்லை; பமாக்கோ, மாலி. அவ்வளவுதான்.

எடுத்தவர் சேடூ கெய்ட்டா. அப்போது அவருக்கு எழுபது வயது. அதே பமாக்கோவில் உயிரோடு இருந்தார். 1948-இல் ஸ்டூடியோ திறந்தவர். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் படத்தின் பின்பக்கம் தன் பெயரையும் ‘சிறைச்சாலைக்கு எதிரே’ என்ற முகவரியையும் ரப்பர் முத்திரையாகக் குத்திக் கொடுத்தவர். முத்திரை குத்திய மனிதரைப் பெயர் தெரியாதவர் என்று எழுதிவிட்டு, கண்டெடுத்தேன் என்று சொல்வதா? நான் 31 ஆண்டுகள் ஸ்டூடியோ வைத்துப் பிழைத்தவன். எனக்குச் சுடுகிறது.

கல்தேர் – காலை 8.25

ஐயா, வணக்கம். நான் பதினைந்து வரி எழுதினேன். அதில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தனி இழையே தொடங்கிவிட்டீர்கள். சரி, பேசுவோம்.

சூசன் வோகல் யார்? 1984-இல் நியூயார்க்கில் ஆப்பிரிக்கக் கலைக்கென்றே ஓர் அருங்காட்சியகத்தை நிறுவி நடத்தியவர். பிறகு யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தின் இயக்குநர். அந்த நாற்காலியை விட்டு இறங்கி, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, திரைப்படக் கல்வி படிக்கப் போய் மாணவர்களோடு உட்கார்ந்தார். ஏன்? கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருள் பேசாது, மனிதர்கள்தான் பேசுவார்கள் என்று புரிந்துகொண்டதால்தான் என்று நான் நம்புகிறேன்.

2003-இல் மாலியைப் பற்றி ஆறு சித்திரங்களாக ஒரு படம். 2006-இல் புகைப்படக் கலைஞர் மாலிக் சிடிபேயைப் பற்றிக் குறும்படம். 2007-இல் மாலியின் ஜென்னே ஊரின் மண் வீடுகளைப் பற்றிய படம். 2011-இல் சிற்பி எல் அனட்சுயியைப் பற்றி ‘ஃபோல்ட் கிரம்பிள் கிரஷ்’. ஜென்னே படத்தை ஒருமுறை பாருங்கள். கொத்தனார் ஒருவர். அவருக்குப் பிறகு இந்தத் தொழிலுக்கு யார் என்ற கவலைதான் படம். சுவரிலிருந்து பனங்கம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஆண்டுதோறும் மண் பூசும்போது அவற்றின் மேல்தான் ஏறி நிற்பார்கள். மழை கரைக்கிறது, மனிதர் பூசுகிறார், மறுபடியும் மழை. பழம்பெருமை பேசாமல், இன்று அங்கே ஒரு வீட்டைக் காப்பாற்ற என்ன பாடுபட வேண்டியிருக்கிறது என்று காட்டுகிறார். இதையெல்லாம் விட்டுவிட்டு 1991-இல் ஒரு சீட்டா?

இருட்டறை – காலை 8.51

ஆமாம், சீட்டுதான். கொத்தனாரைப் பற்றி நான் கேட்கவில்லை. முத்திரையைப் பற்றிக் கேட்டேன். பதில் இல்லை.

மணிமுத்தாறு – காலை 9.30

‘கண்டெடுத்தல்’ என்று இருவரும் எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் தெளிவுபடுத்துங்கள். இருப்பதை முதலில் அறிந்ததா, அயலாருக்குக் காட்டியதா? இரண்டும் வேறு வேறு. அதைத் தீர்க்காமல் விடிய விடியப் பேசினாலும் பயனில்லை.

இன்னொன்று. வோகல் அம்மையாரின் சிக்கல் 1991-இல் தொடங்கவில்லை. 1987-இல் அவர் நடத்திய கண்காட்சியில் பத்துப் பேரை அழைத்து, ஆப்பிரிக்கச் சிற்பங்களின் புகைப்படங்களைக் கொடுத்து, பிடித்ததைத் தேர்ந்தெடுங்கள் என்றார். அந்தப் பத்துப் பேரில் டேவிட் ராக்ஃபெல்லர் உண்டு, எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் உண்டு, ஐவரி கோஸ்ட்டின் பவுலே இனத்துக் கலைஞர் லேலா குவாகுவும் உண்டு. பணக்காரருக்கு ஆப்பிரிக்கா முழுவதும் திறந்து கிடந்தது. லேலா குவாகுவுக்கு மட்டும் பவுலே பொருள்களின் படங்களையே காட்டினார்கள். மற்ற இனத்தாரின் சிற்பத்தைக் காட்டினால், தன் இனத்தின் அளவுகோலைக் கொண்டே அவர் எடைபோடுவார் என்பது சொல்லப்பட்ட காரணம். ராக்ஃபெல்லர் எந்த அளவுகோலைக் கொண்டு எடைபோட்டாராம்? மெய்யியலாளர் குவாமே அந்தோனி அப்பையா 1991-இல் எழுதிய கட்டுரையில் இந்த இடத்தைத்தான் பிடித்துக் கேட்டார்.

இருட்டறை – காலை 9.44

பார்த்தீர்களா! அக்கா சொன்னதைப் படியுங்கள். அதே கைதான் இந்தச் சீட்டையும் எழுதியது.

மணிமுத்தாறு – காலை 9.52

நான் உங்கள் பக்கம் பேசவில்லை. என் கேள்விக்கு நீங்களும் பதில் சொல்லவில்லை.

கல்தேர் – காலை 10.15

இப்போது முத்திரைக்கே வருகிறேன். தொழில் தெரிந்தவர் என்று மார் தட்டிக்கொள்ளும் ஐயாவுக்கு ஒன்று கேட்கிறேன். முத்திரை எதில் குத்துவார்கள்? தாளில். கண்காட்சியில் இருந்தவை வாடிக்கையாளர் வீட்டிலிருந்து வந்த பழைய படங்கள் அல்ல. நெகட்டிவிலிருந்து புதிதாகப் போட்ட பிரதிகள். நெகட்டிவில் ஏது முத்திரை? பெயர் தெரியாதபோது தெரியவில்லை என்று எழுதுவது நேர்மை. யாரோ ஒருவர் பெயரை ஊகித்து ஒட்டியிருந்தால் அதற்கும் நீங்களே வந்து திட்டியிருப்பீர்கள்.

இருட்டறை – காலை 10.40

தம்பி, நெகட்டிவைப் பற்றி எனக்கே பாடமா? நல்லது, கேட்டுக்கொள்ளுங்கள்.

நெகட்டிவ் என்பது தெருவில் பறந்து வரும் தாள் அல்ல. ஸ்டூடியோக்காரனின் சொத்து அது. படத்தை வாடிக்கையாளர் கொண்டுபோவார். நெகட்டிவ் கடையிலேயே இருக்கும். நாளைக்கு அதே ஆள் இன்னொரு பிரதி கேட்டு வருவார், அல்லது அவர் இறந்தபின் மகன் வருவான். அதற்காகவே ஆயுள் முழுவதும் பெட்டியில் அடுக்கிக் காப்போம். கெய்ட்டாவும் ஆயிரக்கணக்கில் காத்து வைத்திருந்தார். ஆகவே நெகட்டிவ் கையில் இருக்கிறது என்றால் அந்தக் கயிற்றின் மறுமுனையில் ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. ஊர் தெரிகிறது, பமாக்கோ என்று எழுதியே இருக்கிறார்கள். அந்த ஊரில் இறங்கி, இந்தப் படத்தை எடுத்தது யார் என்று ஒரு முதியவரிடம் கேட்டால் போதும். கேட்டார்களா? பிறகு ஒருவர் கேட்டார், கிடைத்தது. ஆந்த்ரே மான்யென் என்ற பிரெஞ்சுக்காரர் பமாக்கோவுக்குப் போய் விசாரித்தார். ஊர்க்காரர்கள் கெய்ட்டாவிடம் அழைத்துப் போனார்கள். 1994-இல் பாரிசில் கார்த்தியே அறக்கட்டளையில் கெய்ட்டாவுக்குத் தனிக் கண்காட்சியே நடந்தது. கேட்டால் கிடைக்கும் பெயர், தெரியாத பெயர் ஆகாது, கேட்கப்படாத பெயர்.

கல்தேர் – காலை 10.58

மான்யென் ஏன் பமாக்கோவுக்குப் போனார்? இந்தக் கண்காட்சியில் இருந்த பெயரில்லாத படங்கள் சேகரிப்பாளர் ஜான் பிகோட்சியின் கண்ணில் பட்டதால்தான். வோகல் அந்தப் படங்களை அங்கே வைக்கவில்லை என்றால் யாரும் போயிருக்க மாட்டார்கள். நான் சொன்னது இதைத்தான். நீங்களே எனக்குச் சாட்சி சொல்லிவிட்டீர்கள். நன்றி.

இருட்டறை – காலை 11.05

சாட்சியா? ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் எடுத்துக் கொடுத்தால், தவறவிட்டவருக்கா மாலை?

வடக்குவாசல் – காலை 11.20

முதலில் பெயரை ஒழுங்காக எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். அவர் ‘கெய்ட்டா’ அல்லர், ‘கெய்தா’. பிரெஞ்சு ஒலிப்பில் ட கிடையாது. ஒருவருடைய பெயரைச் சீட்டில் எழுதவில்லை என்று குமுறுகிறவர், தானே அந்தப் பெயரைப் பத்து முறை தவறாக எழுதியிருக்கிறார். சென்ற மாதம் பிரெஞ்சு ஆவணப்பட இயக்குநர் ழான் ரூஷ் பற்றிய இழையில் நான் இதையே சொன்னபோது என்னை ‘இலக்கண வாத்தியார்’ என்று எள்ளியவரும் இதே இருட்டறைதான். மறக்கவில்லை.

இருட்டறை – காலை 11.31

ட-வா த-வா என்று அவர் கல்லறைக்குப் போய்க் கேட்டு வாருங்கள். நான் ஒரு பெயராவது எழுதினேன்.

தறிநாடா – பகல் 12.10

நான் எல் அனட்சுயி படத்துக்காக மட்டும் வந்தேன். இரண்டு முறை பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் தறி இருந்தது என்பதால் அந்தப் படத்தில் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மது பாட்டில் கழுத்தில் சுற்றியிருக்கும் அலுமினியத் தகடும் மூடியும்தான் நூல். தகட்டைத் தட்டிச் சமன் செய்கிறார்கள், மடிக்கிறார்கள், முறுக்குகிறார்கள், துளை போடுகிறார்கள், செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டுகிறார்கள். நைஜீரியாவின் இன்சுக்காவில் பட்டறை முழுக்க இளைஞர்கள். கட்டிய துண்டுகளைத் தரையில் விரித்து, அவர் நடந்து நடந்து பார்க்கிறார், இதை அங்கே போடு, அதைத் திருப்பு என்கிறார். 2007-இல் வெனிஸில் ஒரு பழைய மாளிகையின் முகப்பையே அப்படியொரு படைப்பு மூடியது. நாற்பதாண்டுகளுக்கு மேல் கலை உலகத்தில் பழகிய கண் இருந்தால்தான் அந்தக் கைவேலையின் முன்னால் கேமராவைப் பொறுமையாக நிறுத்த முடியும்.

வடக்குவாசல் – பகல் 12.24

குப்பையிலிருந்து கலை. இதைத்தானே வெள்ளைக்காரர்கள் ஆப்பிரிக்காவிடம் எப்போதும் எதிர்பார்க்கிறார்கள்? அவர்களுக்கு அதைத்தான் இந்த அம்மையாரும் படமாக்கிக் கொடுத்திருக்கிறார்.

தறிநாடா – பகல் 12.33

குப்பை என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள். மறுசுழற்சி என்ற சொல்லையே அனட்சுயி ஏற்றுக்கொள்வதில்லை. 1944-இல் கானாவில் பிறந்தவர். 1975 முதல் இன்சுக்கா பல்கலைக்கழகத்தில் சிற்பம் கற்பித்தவர். மரத்தில், மண்ணில், எல்லாவற்றிலும் வேலை செய்தவர். 1990களின் இறுதியில் ஒரு பை நிறைய மூடிகள் கையில் கிடைத்தபோதும் உடனே பாயவில்லை, வைத்திருந்து யோசித்தவர். ஐரோப்பியர் ஆப்பிரிக்கக் கரையில் மதுவைக் கொடுத்து மனிதர்களை வாங்கிய வரலாறு அந்தத் தகட்டில் இருக்கிறது. அது அவருக்கு மூலப்பொருள். சிற்பிக்குக் கல் குப்பையா?

வடக்குவாசல் – பகல் 12.41

எறியப்பட்டது எதுவும் குப்பைதான். அகராதியைப் பாருங்கள்.

தறிநாடா – பகல் 12.45

2015-இல் வெனிஸ் இருபதாண்டில்... மன்னிக்கவும், ஈராண்டு விழாவில், வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கத்தை அவருக்குக் கொடுத்தார்கள். உங்கள் அகராதிக்குக் கொடுக்கவில்லை.

கல்தேர் – பகல் 12.58

நன்றி தறிநாடா. இதே தங்கச் சிங்கம் 2007-இல் மாலிக் சிடிபேக்குக் கிடைத்தது. புகைப்படக் கலைஞர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. அதற்கு முந்தைய ஆண்டே வோகல் அவரைப் பற்றிப் படம் எடுத்துவிட்டார். பமாக்கோவின் பகதாஜி பகுதியில் அந்தச் சிறிய ஸ்டூடியோ. பழுது பார்க்க வந்த பழைய கேமராக்கள் அடுக்கடுக்காக. விருது வந்த பிறகு கூட்டத்தோடு போனவர் அல்லர் அவர்.

இருட்டறை – பகல் 1.20

கல்தேர், நீங்களே வாயைக் கொடுத்தீர்கள். 2006-இல் சிடிபே பெயரைத் தலைப்பிலேயே போட்டார். சிடிபேயின் ஊர் எது? பமாக்கோ. கெய்ட்டாவின் ஊர் எது? அதே பமாக்கோ. ஒருவருக்குத் தலைப்பில் இடம், இன்னொருவருக்குச் சீட்டில்கூட இடமில்லை.

கல்தேர் – பகல் 1.29

பதினைந்து ஆண்டு இடைவெளி ஐயா! ஒரு மனிதர் கற்றுக்கொள்ளக் கூடாதா? அருங்காட்சியகத்தில் பெயரில்லாமல் வைத்தவர்தான் பிறகு கேமராவோடு ஸ்டூடியோ வாசலுக்கே போய், கலைஞரை உட்காரவைத்துப் பேசவிட்டார். அந்தத் தவற்றுக்கான பதில்தான் அவருடைய படங்கள் எல்லாம் என்று நான் சொல்வேன்.

இருட்டறை – பகல் 1.36

ஆக, தவறு என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

கல்தேர் – பகல் 1.38

ஒப்புக்கொள்ளவில்லை. தவறு என்றே வைத்துக்கொண்டாலும் என்று சொன்னேன்.

இருட்டறை – பகல் 1.40

‘வைத்துக்கொண்டாலும்’ என்ற சொல் உங்கள் பதிவில் இல்லை. மேலே போய்ப் பாருங்கள். பதில் என்றால் கெய்ட்டாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அவர் 2001-இல் பாரிசில் இறந்துவிட்டார்.

மணிமுத்தாறு – பிற்பகல் 2.15

கற்றுக்கொண்டார் என்கிற கல்தேருக்கும், திமிர் என்கிற இருட்டறைக்கும் சேர்த்தே சொல்கிறேன். 1988-இல் அவர் நடத்திய இன்னொரு கண்காட்சியில் மத்திய ஆப்பிரிக்காவின் ஸாண்டே மக்களுடைய வேட்டை வலையைச் சுருட்டிக் கட்டியபடியே வெள்ளை அறையின் நடுவில் தரையில் வைத்தார். நவீனச் சிற்பம் போலவே இருந்தது. கலை என்று நாம் சொல்வது பொருளிலா, அறையிலா என்று பார்ப்பவரைத் திகைக்கவைத்தது அந்த வலை. மானிடவியல் அறிஞர் ஆல்ஃபிரட் கெல் 1996-இல் அதை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார்; மானிடவியல் மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். சீட்டு எழுதுவதன் அதிகாரம் என்ன என்பதை அந்தக் காலத்தில் அவர் அளவுக்கு யோசித்தவர்கள் குறைவு. அதனால்தான் அந்தப் ‘பெயர் தெரியவில்லை’ எனக்கு இன்னும் உறுத்துகிறது. தெரியாதவர் செய்த பிழை அல்ல அது.

இருட்டறை – பிற்பகல் 2.22

இதைத்தான் காலையிலிருந்து சொல்கிறேன்.

மணிமுத்தாறு – பிற்பகல் 2.24

இல்லை ஐயா, நீங்கள் காலையிலிருந்து முத்திரையைப் பற்றி மட்டுமே சொல்கிறீர்கள். நான் சொல்வது எழுதுபவரின் அதிகாரத்தைப் பற்றி.

இருட்டறை – பிற்பகல் 2.50

முத்திரைதான் அம்மா எல்லாம். நீங்கள் எல்லாரும் படித்தவர்கள், அதிகாரம் என்பீர்கள். எனக்கு முத்திரை. கடை திறந்த முதல் வாரம் நான் செய்த முதல் செலவு லென்ஸ் அல்ல, ரப்பர் முத்திரை. நூறு படம் மோசமாகப் போனாலும் ஒரு படத்தைத் திருப்பிப் பார்த்து, ‘இவரிடமே போவோம்’ என்று யாராவது வருவார்கள் என்ற நம்பிக்கை அது.

கெய்ட்டாவின் படங்களை எடுத்துப் பாருங்கள். முதல் சில ஆண்டுகளில் பின்னணித் துணியாக அவர் கட்டியது தன் கட்டில் விரிப்பை. பூப்போட்ட உடை, பின்னால் பூப்போட்ட துணி, இரண்டும் மோதாமல் முகம் மட்டும் மேலே வரும். அதை எப்படிச் செய்தார் என்று நான் இன்றும் யோசிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை துணியை மாற்றுவார். எந்தத் துணி என்று பார்த்தே எந்த ஆண்டுப் படம் என்று அவரால் சொல்ல முடிந்தது. கைக்கடிகாரம், வானொலிப் பெட்டி, ஸ்கூட்டர் எல்லாம் ஸ்டூடியோவிலேயே இருக்கும். வாடிக்கையாளர் விரும்பியதை வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் 13-க்கு 18 சென்டிமீட்டர் நெகட்டிவ், அதைத் தாளின் மேலேயே வைத்து அதே அளவில் போட்ட பிரதி. ஒவ்வொன்றிலும் அவர் கை தெரியும். தெரியவில்லை என்று எழுதியவர்களுக்குப் பார்க்கவும் தெரியவில்லை.

தறிநாடா – பிற்பகல் 3.12

அந்தப் பதினெட்டு சென்டிமீட்டர் படங்களைப் பிறகு ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி விற்றார்களே, உங்கள் மான்யென் வழியாக வந்த கண்காட்சிகளிலும் அப்படித்தானே தொங்கின? அதற்குக் கோபம் இல்லையா? ஒரு வீட்டு அலமாரிக்கு எடுத்த படம் அது.

இருட்டறை – பிற்பகல் 3.20

அது வேறு இழைக்கு உரிய கேள்வி.

தறிநாடா – பிற்பகல் 3.24

உங்களுக்கு வசதியில்லாத கேள்வி எல்லாம் வேறு இழைக்குப் போய்விடுகிறது.

கல்தேர் – பிற்பகல் 3.41

நானும் ஒன்று கேட்கிறேன். அனட்சுயி பட்டறையில் தகடு கட்டும் இளைஞர்களை வோகல் படத்தில் காட்டுகிறார். அவர்கள் வேலையைக் காட்டுகிறார், முகத்தைக் காட்டுகிறார். அருங்காட்சியகச் சுவரில் அந்தப் படைப்பின் பக்கத்துச் சீட்டில் அனட்சுயியின் பெயர் மட்டும்தான். சீட்டை வைத்தே நீதி அளக்கும் இருட்டறை ஐயா இதற்கு என்ன சொல்கிறார்? அந்தச் சீட்டு சொல்லாததை இந்தப் படம் சொல்கிறதா இல்லையா?

தறிநாடா – பிற்பகல் 3.50

கல்தேர், இதில் அனட்சுயியை இழுக்காதீர்கள். வடிவம் அவருடையது. தறியில் ஊடை போட்ட எல்லாரும் சேலைக்குப் பெயர் கேட்பதில்லை.

கல்தேர் – பிற்பகல் 3.53

கேட்டதில்லை என்பதால் கேட்கக் கூடாது என்று ஆகுமா? நெசவாளர் வீட்டிலிருந்து வரும் நீங்களா இதைச் சொல்வது?

தறிநாடா – பிற்பகல் 3.55

என் வீட்டைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம்.

வடக்குவாசல் – மாலை 4.10

‘ஊடை’யும் ‘பாவு’ம் குழம்பாமல் எழுதினால் சரி. மேலும், ‘இருபதாண்டில்’ என்று தொடங்கித் திருத்திய பதிவை அழித்துவிட்டுத் திரும்ப எழுதும்படி மட்டுறுத்துநரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இருட்டறை – மாலை 4.35

கல்தேர் கேட்டதற்குச் சொல்கிறேன். பட்டறைப் பையன்களின் பெயரும் எழுதப்பட வேண்டும் என்றால் எழுதட்டும். நான் கை தட்டுவேன். அதனால் 1991-இன் சீட்டு மாறிவிடுமா? நேற்று நீங்கள் எழுதிய வரியில் ‘கண்டெடுத்து’ என்ற சொல் இன்னும் அப்படியே இருக்கிறது. இப்போதுதான் போய்ப் பார்த்தேன்.

கல்தேர் – மாலை 4.48

இருக்கும். எடுக்கப் போவதில்லை. ஜென்னே படத்தை நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.

இருட்டறை – மாலை 4.50

பார்க்கிறேன். அதுவரை அந்த முத்திரைக்கு ஒரு பதில் எழுதி வையுங்கள். சிறைச்சாலைக்கு எதிரே, பமாக்கோ.